12 வயது மகளுக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கித் தரலாமா?

ஏழாம் வகுப்பில் படிக்கும் உங்கள் 12 வயது மகள் இன்ஸ்டாகிராம் கணக்கு கேட்கிறாள். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் வைத்திருக்கிறார்கள் என்கிறாள். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத் தானே தொடங்கித் தருவதாக உங்கள் அண்ணன் மகன் சொல்லியிருக்கிறார். கணவர் இதில் என்ன இருக்கிறது என்கிறார். மாமியார் போனைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்கிறார். இவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, சமூக ஊடகச் செயலிகள் குழந்தைகளுக்கு ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியைப் போல அதை எழுதியிருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. கேள்விப்படும் ஆபத்துகளில் எவை மெய்யானவை, எவை ஊதிப் பெருக்கப்பட்டவை, இந்த வயதில் இந்தப் பிள்ளைக்கு என்ன முடிவு எடுப்பது, மறுத்தால் ஒளித்துச் செய்துவிடுவாளோ என்ற பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பவையே உங்கள் கேள்விகள். கடைசியில் உள்ள அந்தப் பயம்தான் இருப்பதிலேயே பொருளுள்ள பயம் என்பதால், என் பதிலும் பெரும்பாலும் அதைச் சுற்றியே அமையும்.

மருத்துவ உளவியல் படித்துவிட்டு 17 ஆண்டுகளாகத் திருநெல்வேலி வட்டாரத்தில் பள்ளி மாணவர்களுக்கு ஆலோசகராக வேலை செய்கிறேன். இதைச் சொல்லும்போதே இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். என் அறைக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்கள். கோலம் போடுவதையும் கிரிக்கெட்டையும் போனில் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வளரும் பிள்ளைகளை நான் சந்திப்பதே இல்லை. ஆகவே எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி நடக்கிறது என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. நடக்கும்போது எப்படி நடக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். எண்ணிக்கை வேண்டிய இடங்களில் ஆய்வுகளையே நாடுகிறேன். இது நகரத்துப் பிள்ளைகளின் பிரச்சினை என்ற எண்ணத்தை மட்டும் முதலிலேயே விட்டுவிடலாம். பிள்ளைகளின் கல்வி நிலையைப் பற்றிக் கிராமப்புற இந்தியாவில் எடுக்கப்பட்ட 2024ஆம் ஆண்டின் ஏசர் கணக்கெடுப்பில், 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 விழுக்காட்டினர் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு என்றால், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் வாட்ஸ்அப்புக்கு மாறியபோது பாடப்புத்தகம் போல வீட்டுக்குள் வந்த போன், பள்ளிகள் திறந்த பிறகும் பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டது.

உறுதியாகத் தெரிந்த ஆபத்துகளில் முதலில் வைக்க வேண்டியது, போலிக் கணக்கு வழியாக வரும் அறிமுகமும் அதைத் தொடரும் மிரட்டலும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் அழைத்து வரப்பட்ட ஒரு மாணவியைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். அவளுக்கு வயது 13. அதே பள்ளியில் படித்து முடித்துப் போன ஓர் அக்காவின் படத்தை வைத்திருந்த ஃபேக் ஐடி ஒன்று அவளுக்கு ரிக்வெஸ்ட் அனுப்பியது. தெரிந்த தோழிகள் பலர் ஏற்கெனவே அந்தக் கணக்கோடு இணைந்திருந்ததால் அவள் சந்தேகப்படவில்லை. மூன்று வாரங்கள் ஆசிரியர்களைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் பேச்சு நடந்தது. பிறகு உடைகளைப் பற்றிய பேச்சு, பிறகு ஒரு படம், அந்தப் படத்தைக் காட்டி இன்னொரு படம், அதற்குப் பிறகு அப்பாவின் நம்பர் எனக்குத் தெரியும் என்ற மிரட்டல். முதலில் நம்பிக்கை, பின் இரகசியம், பின் பிள்ளை செய்யும் ஒரு தவறு, அந்தத் தவறைக் கொண்டே பிள்ளையைக் கட்டிப்போடுவது என்ற இந்த வரிசை, நான் பார்த்தவற்றில் ஏறத்தாழ மாறவே இல்லை. அந்தப் பிள்ளை ஐந்து வாரங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாப்பாடு குறைந்ததையும் தலைவலி என்று பள்ளிக்குப் போகாமல் இருந்ததையும் வீட்டில் பரீட்சைப் பயம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டபோது, "சொன்னா போனப் புடுங்கிட்டு ஸ்கூல விட்டே நிறுத்திருவாங்க மிஸ்" என்றாள்.

அவளுடைய அம்மா கொடுமைக்காரர் அல்லர்; மகள்மீது உயிரையே வைத்திருந்தவர். ஆனால் தெருவில் வேறொரு பெண்ணுக்கு ஏதோ நடந்தபோது, நம் வீட்டில் இப்படி நடந்தால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறார். அவர் அதை மறந்துவிட்டார், பிள்ளை மறக்கவில்லை. முகம் தெரியாத அந்த ஆளைவிட வீட்டாருக்கே அவள் அதிகம் பயந்தாள் என்பதை அந்தத் தாயிடம் எடுத்துச் சொன்ன மணி நேரம் என் வேலையில் நான் கடந்த கடினமான மணி நேரங்களில் ஒன்று. மிரட்டுகிறவர்களுக்கு நம் வீடுகள் எப்படிப்பட்டவை என்று நன்றாகத் தெரியும். ஒரு படம் வெளியே போனால் குடும்ப மானம் போய்விடும் என்று பெரியவர்கள் பேசிப் பேசி வளர்த்த அந்தப் பயம்தான் அவர்களுடைய மூலதனம். உள்ளபடியே, மிரட்டல் வந்த முதல் நாளில் வீட்டுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் அது அன்றோடு நின்றுவிடுகிறது. ஐந்தாவது வாரத்தில் தெரிந்தால் பிள்ளை மீள மாதங்கள் ஆகின்றன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு செயலியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. 17 ஆண்டுகளில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்ட ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வது என்று நினைக்கும் பெற்றோர் பலர். பணம் பறிப்பதற்காகச் செய்யப்படும் இத்தகைய மிரட்டலில் பெரும்பாலும் 14 முதல் 17 வயதுள்ள ஆண் பிள்ளைகளே குறிவைக்கப்படுகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பு தொடர்ந்து எச்சரித்து வருகிறது. பெண் பெயரில் வீடியோ கால் வரும், இரண்டு நிமிடத்தில் துண்டிக்கப்படும், உடனே பதிவு செய்யப்பட்ட காட்சியும் தொகையும் வரும். அம்மாவின் ஜிபேயிலிருந்து சிறுகச் சிறுக அனுப்பி, கணக்கில் பணம் குறைந்ததால் மட்டுமே அகப்பட்ட ஒரு பத்தாம் வகுப்பு மாணவனை நான் அறிவேன். ஆண் பிள்ளைகள் இன்னும் குறைவாகவே வாய் திறக்கிறார்கள்.

இப்படி ஒன்று நடந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றில் எனக்கு ஐயமில்லை. பணம் கொடுக்கக் கூடாது; கொடுத்தால் அடுத்த தொகை கேட்பார்கள். பேச்சை நிறுத்த வேண்டும், ஆனால் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடக் கூடாது. மிரட்டல் செய்திகள், அந்தக் கணக்கின் பெயர், தொலைபேசி எண் ஆகியவை புகாருக்குத் தேவைப்படும். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை ஆதாரம் என்று சொல்லி உறவினருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பக் கூடவே கூடாது, ஏனெனில் 18 வயதுக்குட்பட்டவரின் அத்தகைய படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்றங்களுக்கு 1930, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் ஆகிய மூன்றில் எதன் வழியாகவும் தொடங்கலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்கிறது. பேப்பரில் பெயர் வந்துவிடும் என்று தயங்கும் குடும்பங்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் பரவிவிடுமோ என்ற அச்சத்துக்கும் ஒரு வழி உண்டு. காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அந்தப் படத்துக்கே உரிய ஓர் எண் அடையாளம் உங்கள் போனிலேயே உருவாக்கப்பட்டு அது மட்டும் அனுப்பப்படுகிறது, அதைக் கொண்டு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்குகின்றன.

இரண்டாவதாக, செயலிகள் தாமாகவே எதைக் கொண்டுவந்து காட்டுகின்றன என்பது. பிள்ளை எதைத் தேடுகிறாள் என்பதை மட்டுமல்லாமல், எந்தக் காட்சியில் எத்தனை வினாடி நின்றாள் என்பதையும் செயலி கணக்கில் எடுத்துக்கொண்டு அதைப் போன்ற பத்தை அடுத்து வைக்கிறது. மனம் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு இதனால் சமையலும் நாய்க்குட்டியும் வரும். மனம் சோர்ந்த ஒரு பிள்ளை சோகமான வரிகளில் சற்று நின்றால், அதைவிட இருண்டவை வரும். லண்டனில் 2017இல் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் கடைசி ஆறு மாதங்களில் இன்ஸ்டாகிராமில் சேமித்தோ விரும்பியோ பகிர்ந்தோ வைத்திருந்த 16,300 பதிவுகளில் 2,100 பதிவுகள் மனச்சோர்வு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், தற்கொலை ஆகியவை தொடர்பானவை என்று விசாரணையில் தெரியவந்தது. 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்த விசாரணை அதிகாரி, மனச்சோர்வோடு இணையப் பதிவுகளின் தீய விளைவும் அவள் மரணத்துக்குக் காரணம் என்று பதிவு செய்தார். இத்தகைய பதிவுகள் நல்ல மனநிலையில் உள்ள பிள்ளையை நோயாளி ஆக்கும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பிள்ளையை இவை இன்னும் கீழே தள்ளக்கூடும் என்பதே அதிலிருந்து பெற வேண்டியது, என் அறையில் நான் காண்பதும் அதுவே. உங்கள் மகள் இப்போது எப்படி இருக்கிறாள், தோழிகள் இருக்கிறார்களா, அண்மையில் வீட்டில் இழப்போ சண்டையோ உண்டா என்பவை இன்ஸ்டாகிராமைப் பற்றிய எந்தப் பொதுவான செய்தியையும்விட முக்கியமான கேள்விகள். உயிரை வெறுக்கும் பேச்சு எந்தப் பிள்ளையிடமிருந்து வந்தாலும், அது விளையாட்டுக்குச் சொன்னதா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணையோ அழைத்துவிடுங்கள்.

தோற்றத்தைப் பற்றிய மனக்குறை பெண் பிள்ளைகளிடம் பெருகுவது அடுத்தது. இங்கே உறுதி சற்றுக் குறைகிறது. 2021 செப்டம்பரில் வெளியே வந்த, இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக் (இப்போது மெட்டா) நிறுவனத்தின் உள் ஆவணங்களில், பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல் பற்றிய மனக்குறையை நாம் மோசமாக்குகிறோம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த விகிதம் ஏற்கெனவே அத்தகைய குறை உள்ளதாகச் சொன்ன பெண்களுக்குள் எடுக்கப்பட்டது என்று நிறுவனம் விளக்கியது. அந்த விளக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம் ஊரில் இது வேறு முகம் கொள்கிறது. ஃபில்டரில் வெளுப்பான முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டுக் கண்ணாடியில் தன் நிறத்தைப் பார்க்க மறுத்த எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் நான் பேசியிருக்கிறேன். ஆனால் "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று அந்தப் பிள்ளையின் வீட்டில் அவள் பிறந்ததிலிருந்து சொல்லி வந்திருக்கிறார்கள். செயலி அந்தப் புண்ணைக் கண்டுபிடித்து அதில் விரலை வைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதேபோல எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் சாதிப் பெருமை பேசும் ரீல்ஸ் மாணவர்களிடையே செய்யும் கேடு சிறியதல்ல. அதுவும் ஊரில் இருந்த நெருப்புக்குப் புதிய காற்று. அது தனியே எழுத வேண்டிய விஷயம் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

இனி ஐயத்துக்குரியவற்றுக்கு வருகிறேன். சமூக ஊடகம் ஒரு தலைமுறையையே மனநோயாளிகளாக்கிவிட்டது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இது நிறுவப்பட்டதன்று. 2019இல் ஆமி ஓர்பென், ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 3,55,358 வளரிளம் பருவத்தினரின் தகவல்களை ஆராய்ந்து, அவர்களுடைய நலத்தில் காணப்படும் வேறுபாடுகளில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டை மட்டுமே டிஜிட்டல் தொழில்நுட்பப் பயன்பாட்டைக் கொண்டு விளக்க முடியும் என்று காட்டினார்கள். அடிக்கடி உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் நலத்துக்கும் இருந்த தொடர்பும் கிட்டத்தட்ட அதே அளவு என்று அவர்களே ஒப்பிட்டிருந்தார்கள். 2023 மே மாதம் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிக்கை, நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் வளரிளம் பருவத்தினரிடம் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றின் அபாயம் இரு மடங்கு என்று எச்சரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதே நாட்டின் தேசிய அறிவியல் கழகங்களின் குழு, மக்கள்தொகை அளவில் வளரிளம் பருவத்தினரின் நலத்தில் ஏற்படும் மாற்றத்துக்குச் சமூக ஊடகம்தான் காரணம் என்று சொல்ல இருக்கும் சான்றுகள் போதாது என்றது. இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும் அப்படியல்ல. அதிக நேரம் இருப்பவர்களிடம் சோர்வு அதிகம் என்பது ஒன்று; அந்த நேரம் சோர்வைத் தந்ததா, சோர்வு பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததா என்பது மற்றொன்று. தவிர, சராசரி என்பது ஒன்றும் ஆகாத ஆயிரம் பிள்ளைகளையும் உடைந்துபோன பத்துப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண். அந்தப் பத்துப் பேரைத்தான் நான் பார்க்கிறேன் என்பதால், சராசரி சிறியது என்று சொல்லி என்னால் நிம்மதியாக இருக்க முடிவதில்லை. அவர்களை மட்டும் பார்ப்பதால் ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் பயமுறுத்தவும் எனக்கு உரிமையில்லை.

உங்கள் மகளின் வயதுக்கு நேராகப் பொருந்தும் ஓர் ஆய்வு உண்டு. அதே ஓர்பெனும் அவருடைய குழுவினரும் பிரிட்டனின் தகவல்களை வைத்து 2022இல் வெளியிட்டதில், சமூக ஊடகப் பயன்பாடு கூடினால் ஓராண்டு கழித்து வாழ்க்கை மனநிறைவு குறைவது எல்லா வயதிலும் ஒரே மாதிரி தெரியவில்லை. பெண்களிடம் 11 முதல் 13 வயதிலும், ஆண்களிடம் 14, 15 வயதிலும், இருபாலரிடமும் மீண்டும் 19 வயதை ஒட்டியும் அது தெரிந்தது. பிள்ளைகள் தாமே சொன்ன பதில்களை வைத்துச் செய்யப்பட்டது, வேறொரு நாட்டில் எடுக்கப்பட்டது என்ற இரண்டு குறைகளையும் மனத்தில் கொண்டே இதைச் சொல்கிறேன். ஆனால் உடல் மாறிக்கொண்டிருக்கும், தோழிகளின் சொல் வேதவாக்காக இருக்கும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பிள்ளைகள் எளிதில் காயப்படுகிறார்கள் என்பது ஆய்வு இல்லாமலேயே எனக்குத் தெரிந்ததுதான். கணக்கு தொடங்க 13 வயது ஆக வேண்டும் என்று செயலிகள் வைத்திருக்கும் விதிக்கும் பிள்ளையின் மனவளர்ச்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1998இல் அமெரிக்கா இயற்றிய குழந்தைகள் இணைய அந்தரங்கச் சட்டம் 13 வயதுக்குட்பட்டவரின் தகவல்களைத் திரட்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றதால் வந்த எண் அது.

அஞ்ச வேண்டாதவை என்று சிலவற்றையும் சொல்ல வேண்டும். 2017இல், பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட நீலத் திமிங்கல விளையாட்டு என்று தமிழ்நாடே நடுங்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த விளையாட்டால் மரணம் நேர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2018 தொடக்கத்தில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அந்த நாள்களில் பெற்றோர்கள் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதே போனில் பிள்ளைக்கு வந்துகொண்டிருந்த சாதாரணமான ஒரு "ஹாய்" செய்தியை யாரும் பார்க்கவில்லை. ஒரு செயலியின் பெயரைத் தடை செய்தால் தீர்ந்தது என்பதும் இதே வகைதான். குழந்தைகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக்கைப் பதிவிறக்கத் தடை விதித்து, அதே மாதத்தில் அதை விலக்கியது. 2020 ஜூனில் வேறு காரணத்துக்காக ஒன்றிய அரசே அதைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள்.

இப்போது உங்கள் அண்ணன் மகன் சொன்ன யோசனை. தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள். இதை நான் ஒழுக்கப் பேச்சாகச் சொல்லவில்லை. இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் சில நாடுகளிலும் 2025 பிப்ரவரியில் இந்தியாவிலும் பதின்வயதினருக்கான தனி வகைக் கணக்கைக் கொண்டுவந்தது. அதில் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும். தொடர்பில் இல்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. ஒரு மணி நேரம் ஆனதும் நினைவூட்டல் வரும். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் அடங்கியிருக்கும். 16 வயதுக்குட்பட்டவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். இவை எல்லாம் பிறந்த தேதியை வைத்து வேலை செய்பவை. 1998 என்று போட்டுவிட்டால் அந்தச் செயலிக்கு உங்கள் மகள் வளர்ந்த ஒரு பெண். இந்தக் காப்புகளில் ஒன்றும் அவளுக்கு இல்லை, காட்டப்படும் விளம்பரங்களும் வளர்ந்தவருக்கானவை. வயதைப் பொய்யாகச் சொன்ன பிள்ளை, நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தப் பொய்யும் வெளிவந்துவிடுமே என்று இன்னொரு பூட்டையும் தன் வாய்க்குப் போட்டுக்கொள்கிறாள். தனி வகைக் கணக்குகள் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. குழந்தைகளின் தகவல்களை நிறுவனங்கள் எப்படிக் கையாண்டன என்பதற்குச் சான்றாக, 13 முதல் 17 வயதுள்ளவர்களின் வணிகக் கணக்குகளில் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் வெளியே தெரியும்படி இருந்ததற்காக 2022இல் அயர்லாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையம் இன்ஸ்டாகிராமுக்கு 40.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கவும் முடியாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவரின் தகவல்களைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றும், பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணித்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. ஆஸ்திரேலியா இன்னும் கடுமையான வழியை எடுத்து, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல, 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரையிலான அபராதம் நிறுவனத்துக்குத்தான். அந்த ஒரு கூறை நான் மனமார வரவேற்கிறேன், ஏனெனில் பிள்ளையை ஒளிந்துகொள்ளத் தூண்டாத தடை அது. அதன் பலனை மதிப்பிடச் சில ஆண்டுகளாவது ஆகும்.

உங்கள் கேள்விக்கு நேராக என் கருத்து: 12 வயதில் இன்ஸ்டாகிராம் கணக்கு வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப் குரூப் உங்கள் போனில் இருக்கட்டும், அவள் பார்க்கட்டும், பதில் போடட்டும். அதையும் பறித்தால் தோழிகள் நடுவே அவள் தனித்துப்போவாள், அந்தத் தனிமையும் ஓர் ஆபத்துதான். 13 முடிந்த பிறகு, அவள் இன்னும் கேட்டால், உண்மையான பிறந்த தேதியோடு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நேரில் அறிந்தவர்களை மட்டும் சேர்த்துத் தொடங்கலாம். அது 14 ஆனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. இரவில் எந்தப் போனும் படுக்கும் இடத்தில் இருக்கக் கூடாது என்பதை மட்டும் இன்றே தொடங்குங்கள். 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரமும், 12 வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையாமலும் உறக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவத்தில் ஏற்கப்பட்ட அளவு. நான் பார்க்கும் பிள்ளைகளில் பலர் ஆறு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. பகலில் தெரியும் எரிச்சலிலும் மறதியிலும் பாதி அந்தத் தூக்கக் குறைவால் வருவதே. எல்லாரும் ஒரே அறையில் படுக்கும் வீடுகளில் அடுப்படி அலமாரியில் சார்ஜ் போடும் இடம் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்வேன். உங்கள் கணவரின் போனும் அங்கேதான் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மூன்றாவது நாளே விதி செத்துவிடும். சீருடையில், பள்ளிப் பெயர் தெரிய, பிறந்த நாளும் சேர்த்து மகளின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், அந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு ஃபேக் ஐடிக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது.

மறுப்பதை எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். உன்மேல் நம்பிக்கை இல்லை என்று அவள் காதில் விழும்படி சொல்லாதீர்கள். இத்தனாம் வயதில் தருவோம் என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள், சொன்ன நாளில் தாருங்கள். அதோடு, கணவரும் மாமியாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவளிடம் ஒரு வாக்குக் கொடுங்கள்: போனில் எது நடந்தாலும், தவறு உன்னுடையதாகவே இருந்தாலும், எங்களிடம் சொன்னதற்காகப் போனைப் பறிக்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம். மாமியார் இதற்கு இசைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் சொல்ல நினைப்பது ஆச்சியிடம்தான். இந்த வாக்கை அவள் உடனே நம்பமாட்டாள். சில வாரம் கழித்து, தோழி குரூப்பிலிருந்து தன்னை நீக்கிவிட்டாள் என்றோ, எவனோ ஒருவன் தோழியின் படத்துக்குக் கீழே அசிங்கமாக எழுதியிருக்கிறான் என்றோ, உங்களுக்கு அற்பமாகத் தோன்றும் ஒன்றைக் கொண்டுவருவாள். அடுப்பில் என்ன இருந்தாலும் அணைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். அறிவுரை சொல்லாமல், அப்புறம் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த முறை வருவது அதைவிடப் பெரியதாக இருக்கலாம். அதை உங்களிடம் கொண்டுவருவதா வேண்டாமா என்பதை அவள் அன்றைக்கே முடிவு செய்துவிடுவாள்.